கறையான் பயிரிடும் காளான்

ஆடி பிறந்து, மாலை வேளைகளில் இடியும் மின்னலுமாக இரண்டொரு மழை பெய்து ஓய்ந்த பிறகு ஏரிக்கரை ஓரமாகவோ செம்மண் மேட்டின் வழியாகவோ காலையில் நடந்து பாருங்கள். நேற்றுவரை வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் குடைகள் விரிந்து நிற்கும். சில இடங்களில் ஒன்றிரண்டு. சில இடங்களில் ஒரு கூடை நிறைய. பெரியவர்கள் இதைப் பார்த்தவுடன், "அடியில் புற்று இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. இதுதான் புற்றுக்காளான்.

சின்ன காஞ்சிபுரத்தில் வசிப்பவர்களுக்குக் கறையான் என்றால் கோபம்தான் வரும். குழித்தறியின் மரத்தைச் செல் அரித்தால் நெசவு நின்றுபோகும். ஜக்கார்டு பெட்டியில் கோத்துள்ள அட்டைகளையும் அது விடாது. ஆனால் அதே கறையான், ஊருக்கு வெளியே மண்ணுக்கடியில், மனிதன் இன்றுவரை செய்ய இயலாத ஒரு வேளாண்மையைச் செய்து வருகிறது. அந்த வேளாண்மையின் விளைச்சலே நம் குழம்புச் சட்டிக்கு வரும் புற்றுக்காளான். அதன் கதையை இக்கட்டுரையில் காண்போம்.

காளான் என்பது யாது?

காளான் தாவரமன்று. அதில் பச்சையம் இல்லை. ஆகவே சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்க அதனால் முடியாது. அது விலங்குமன்று. பூசணங்கள் என்னும் தனி உலகத்தைச் சேர்ந்த உயிர் அது. ரொட்டியில் பூக்கும் பூஞ்சையும், மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட்டும் அதே உலகத்தைச் சேர்ந்தவை.

நாம் கண்ணால் காணும் குடை, காளானின் முழு உடல் அன்று. மாமரத்தில் மாங்கனி எப்படியோ, பூசணத்தில் குடை அப்படி. உண்மையான உடல் மண்ணிலோ மரத்திலோ நூல் நூலாகப் பரவிக் கிடக்கும். பட்டு நூலைவிட மெல்லிய இந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு வலையாகின்றன. இவ்வலை நொதிகளைச் சுரந்து, சுற்றிலும் உள்ள பொருளைக் கரைத்து, கரைந்த சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நாம் உணவை வயிற்றுக்குள் அனுப்பிச் செரிக்கிறோம். பூசணமோ உணவை வெளியிலேயே செரித்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இனப்பெருக்கக் காலம் வந்ததும் இவ்வலை குடையை மேலே அனுப்புகிறது. குடையின் அடிப்பக்கத்தில் ஸ்போர்கள் என்னும் நுண்ணிய வித்துகள் கோடிக்கணக்கில் உண்டாகிக் காற்றில் பறக்கின்றன.

புற்றுக்குள் ஒரு பண்ணை

கறையானை "வெள்ளை எறும்பு" என்று சொல்வதுண்டு. அது எறும்பு இனமே அன்று. கரப்பான் பூச்சிக்கு நெருங்கிய உறவு. அது உண்பது மரம், சருகு, வைக்கோல், தாள், பருத்தித் துணி ஆகியவை. இவை அனைத்திலும் பொதுவாக உள்ள பொருள் செல்லுலோஸ். (பட்டு புரதத்தால் ஆனது, பருத்தி செல்லுலோஸால் ஆனது. தறி வீட்டில் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) மரத்தில் செல்லுலோஸுடன் லிக்னின் என்னும் கடினமான பொருளும் சேர்ந்திருக்கிறது. லிக்னினைச் சிதைப்பது எளிதன்று. அதில் வல்லவை பூசணங்களே.

இங்கேதான் கறையானின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. உலகில் சுமார் 3,000 வகைக் கறையான்கள் உள்ளன. அவற்றுள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழும் 330 வகைகள் மட்டும் தம் கூட்டுக்குள் பூசணத்தைப் பயிரிடுகின்றன. நம் நாட்டில் மண்புற்றுக் கட்டும் ஒடோண்டோடெர்மஸ் என்னும் கறையான் இவ்வகையைச் சேர்ந்தது. அது பயிரிடும் பூசணத்தின் பெயர் டெர்மிட்டோமைசஸ். "கறையான் பூசணம்" என்பது இதன் பொருள்.

பயிர் செய்யும் முறையைக் கேளுங்கள். வயது முதிர்ந்த வேலைக்காரக் கறையான்கள் வெளியே சென்று மரத்துண்டையும் சருகையும் கொண்டுவருகின்றன. இளைய வேலைக்காரக் கறையான்கள் அவற்றை மென்று விழுங்குகின்றன. கூடவே, முன்பே வளர்ந்துள்ள பூசணத்தில் காணப்படும் வெண்ணிற மணிகளையும் தின்கின்றன. அம்மணிகளில் பூசணத்தின் விதை போன்ற நுண்வித்துகள் உள்ளன. குடலுக்குள் மரத்தூளும் வித்துகளும் கலக்கின்றன. வித்துகள் சாவதில்லை. அரைகுறையாகச் செரித்த இந்தக் கலவையைக் கறையான் சிறு உருண்டைகளாக வெளியேற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. பார்ப்பதற்குத் தேனடைபோலவோ மூளையின் மடிப்புகள்போலவோ தோன்றும் இந்த அடுக்குக்குப் பூசண அடை என்று பெயர் வைப்போம். உழவும் விதைப்பும் எருவும் ஒரே செயலில் முடிந்துவிட்டன!

சில வாரங்களில் பூசணம் அடை முழுவதும் பரவி, லிக்னினையும் செல்லுலோஸையும் சிதைத்து மென்மையாக்குகிறது. முதிர்ந்து கனிந்த அடையைக் கறையான்கள் உண்கின்றன. மேற்புறத்தில் புதிய அடுக்கு வைக்கப்படுகிறது. பூசணத்துக்கு இடமும் உணவும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. கறையானுக்குச் செரித்த உணவு கிடைக்கிறது. இருவரும் பயன்பெறும் இத்தகைய உறவைக் கூட்டுயிர் வாழ்க்கை என்கிறோம்.

மனிதன் பயிர்த்தொழில் செய்யக் கற்றுச் சுமார் 10,000 ஆண்டுகள்தாம் ஆகின்றன. கறையான் இந்தத் தொழிலைத் தொடங்கி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், இது ஆப்பிரிக்கக் காடுகளில் ஒரே ஒரு முறை தொடங்கி, பிறகு ஆசியாவுக்குப் பரவியது என்கின்றனர்.

தரங்கம்பாடியில் ஒரு மருத்துவர்

இந்த அதிசயத்தை அறிவியல் உலகுக்கு முதன்முதலில் எழுதித் தெரிவித்த இடம் எது தெரியுமா? நம் தமிழ்நாடுதான். புகழ்பெற்ற இயற்கை அறிஞர் லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். அவர் 1768-ல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்தார். ஓய்வு நேரமெல்லாம் செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தார். தென்னிந்தியக் கறையான்களைப் பற்றி 1779-ல் ஜெர்மன் மொழியில் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார். புற்றுக்குள் இருக்கும் பூசண அடையையும், அதன்மேல் உள்ள வெள்ளை மணிகளையும் அதில் விவரித்திருந்தார்.

பூசணத்துக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயர் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம், ஆண்டு 1942. பிறகு 1979-ல், கோனிக்கின் கட்டுரை வெளிவந்து சரியாக 200 ஆண்டுகள் சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கே. நடராஜன் தென்னிந்தியாவில் கிடைக்கும் ஒரு புற்றுக்காளானைப் புதிய இனமென்று காட்டினார். ரோஜர் ஹெய்மின் நினைவாக அதற்கு டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்று பெயரிட்டார். நாம் காலங்காலமாகச் சமைத்து உண்ட ஒரு பொருளுக்கு அறிவியற் பெயர் கிடைக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! இன்றும் பெயரிடப்படாத பூசணங்கள் நம் மண்ணில் ஏராளம்.

இக்குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. சட்டைப் பொத்தான் அளவே உள்ள மைக்ரோகார்பஸ் என்னும் இனம் நூற்றுக்கணக்கில் தரையில் பூத்துக் கிடக்கும்; அரிசி சிந்தியதுபோல் தோன்றுவதால் இதை அரிசிக்காளான் என்று அழைப்பதுண்டு. ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் உள்ள டைட்டானிகஸ் என்னும் இனத்தின் குடை ஒரு மீட்டர் அகலம்வரை விரியும். உண்ணத்தக்க காளான்களுள் உலகிலேயே பெரியது இதுதான்.

புற்றின் மூச்சு

பூசணப் பயிருக்கு வேண்டிய தட்பவெப்பம் என்ன? ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நிறைந்த ஈரப்பதமும். ஆனால் இலட்சக்கணக்கான கறையான்களும் பூசணமும் சேர்ந்து மூச்சுவிட்டால் கூட்டுக்குள் கரியமில வாயு நிறைந்துவிடாதா?

இதற்கு விடை 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. ஹண்டர் கிங், சாமுவேல் ஆக்கோ, எல். மகாதேவன் ஆகிய மூவர் பெங்களூரில் உள்ள ஒடோண்டோடெர்மஸ் புற்றுகளுக்குள் நுண்ணிய கருவிகளை வைத்துக் காற்றோட்டத்தை அளந்தனர். பகலில் புற்றின் வெளிப்புறக் குழல்கள் விரைவில் சூடேறுகின்றன. நடுப்பகுதி குளிர்ச்சியாகவே இருக்கிறது. சூடான காற்று வெளிக்குழல்கள் வழியே மேலேறுகிறது, நடுவே கீழிறங்குகிறது. இரவில் வெளிப்புறம் விரைவில் குளிர்ந்துவிடுவதால் ஓட்டம் தலைகீழாக மாறுகிறது. மண்சுவரின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி ஆக்சிஜன் உட்புகுகிறது. ஆகவே புற்று ஒரு நுரையீரலைப் போல நாளொன்றுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறது எனலாம். விசிறியில்லை, மின்சாரமில்லை, பகல் வெயிலும் இரவுக் குளிருமே அதை இயக்குகின்றன.

திருவாரூரிலும் திருவொற்றியூரிலும் இறைவன் புற்று வடிவில் இருப்பதாக வழிபடுகிறோம். நம் முன்னோர் புற்றைக் கண்டால் இடிக்காமல் விட்ட வழக்கம் பல பண்ணைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இடி இடித்தால் காளான் முளைக்குமா?

"இடி இடித்தால்தான் காளான் முளைக்கும்" என்று கிராமத்தில் கூறுவார்கள். இதில் உண்மை எவ்வளவு?

கோடை முடிந்து வரும் முதல் மழைகள் பெரும்பாலும் இடிமழைகளே. அம்மழை மண்ணை ஆழமாக நனைக்கிறது, காற்றில் ஈரம் ஏறுகிறது, வெப்பம் தணிகிறது. காளான் குடை விடுவதற்கு இவை மூன்றும் வேண்டும். ஆகையால் இடியும் காளானும் சேர்ந்து வருவதற்கு மழையே முக்கியக் காரணம். ஆயினும் ஒரு சுவையான செய்தி உண்டு. ஜப்பானில் இவாட்டே பல்கலைக்கழக அறிஞர்கள், ஷிட்டேக் என்னும் காளான் வளரும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்தியபோது விளைச்சல் கூடியதைக் கண்டனர். அது மரக்கட்டைக் காளானைப் பற்றிய சோதனை. புற்றுக்காளானுக்கும் அது பொருந்தும் என்று அதைக் கொண்டு கூறிவிட முடியாது.

முதல் மழைக்கு இன்னொரு நிகழ்ச்சியும் நடக்கும். விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து, சிறகுகளை உதிர்த்துவிட்டு, மண்ணுக்குள் புதுக் குடும்பம் தொடங்குகின்றன. பெரும்பாலான இனங்களில் இந்தப் புதுத் தம்பதி கையில் விதை கொண்டுபோவதில்லை! அவற்றின் முதல் பிள்ளைகளான வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து இரை தேடும்போதுதான், மண்ணில் விழுந்து கிடக்கும் காளான் வித்துகளையும் சேர்த்து எடுத்துச் செல்கின்றன. காளான் பூக்கும் காலமும் இந்த முதல் பிள்ளைகள் வெளிவரும் காலமும் பெரும்பாலும் ஒத்துவருகின்றன. இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் முடிவில் இது நமக்குத் தேவைப்படும்.

குடையை மேலே அனுப்புவதும் எளிய வேலையன்று. அடை மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து வேர்போன்ற நீண்ட காம்பு ஒன்று மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடையின் உச்சியில் கூரான, கெட்டியான ஒரு முனை உண்டு. அதுவே துளைக்கும் கருவி. மெதுவாக மண்ணைத் தோண்டினால் இந்த வேர்க்காம்பு நேராகப் புற்றறைக்குள் செல்வதைக் காணலாம்.

பல் உள்ள காளான்

காளானின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அதன் இனத்தைப் பற்றிப் பல செய்திகள் தெரியும். புற்றுக்காளானின் அடியில் புத்தக ஏடுகள்போல் மெல்லிய தகடுகள் உள்ளன. இவற்றின் பக்கங்களில்தான் ஸ்போர்கள் விளைகின்றன. மரக்கட்டையில் தட்டுப் போல் முளைக்கும் சில காளான்களின் அடியில் ஊசித்துளைகள் இருக்கும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதன் அடியில் தகடும் இல்லை, துளையும் இல்லை; வரிசை வரிசையாகத் தொங்கும் பற்கள்! இவற்றைப் பல்காளான்கள் என்பர்.

பல்காளான்களில் பெயர் பெற்றது சிங்கப்பிடரிக் காளான். அறிவியற் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ். இரு சொற்களும் முள்ளெலியைக் குறிக்கும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தவை. சீனர் இதைக் குரங்குத்தலைக் காளான் என்கின்றனர். குளிர்நாட்டுக் காடுகளில் ஓக், பீச் முதலிய மரங்களின் காயம்பட்ட பகுதியில் வெள்ளைப் பந்துபோல் வளர்ந்து, நூலிழைகள்போல் நீண்ட பற்களைத் தொங்கவிடும். பிரிட்டனில் இது மிகவும் அருகிவிட்டதால், 1981-ல் இயற்றப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதைப் பறிப்பது குற்றமாகும். ஆனால் சீனாவிலும் ஜப்பானிலும் மரத்தூளில் இதைப் பயிரிட்டு விற்கின்றனர். சமைத்தால் நண்டுக்கறியின் சுவை இருக்கும் என்பர்.

பற்களால் என்ன பயன்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு பல்லும் ஒரு கூம்பு எனக் கொள்வோம். அடியின் ஆரம் அரை மில்லிமீட்டர்; பக்கவாட்டு நீளம் 20 மில்லிமீட்டர். அடியின் பரப்பு சுமார் 0.79 சதுர மில்லிமீட்டர். கூம்பின் பக்கப் பரப்போ சுமார் 31.4 சதுர மில்லிமீட்டர். அதாவது அதே இடத்தில் 40 மடங்கு பரப்பு கிடைக்கிறது! பரப்பு பெருகினால் வித்துகள் பெருகும். தகடு, துளை, பல் ஆகிய மூன்றும் ஒரே கணக்குக்கு இயற்கை கண்ட மூன்று விடைகள்.

அடுப்பங்கரையில்

புதிய காளானின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எஞ்சிய திடப்பொருளில் புரதம் கணிசமாக உள்ளது; நார்ப்பொருளும் தாது உப்புகளும் பி வகை வைட்டமின்களும் உள்ளன; கொழுப்பு குறைவு. காளானில் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருள், வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி-யாக மாறுகிறது.

புற்றுக்காளானைப் பறித்த அன்றே சமைக்க வேண்டும். பறித்த பிறகும் அதன் நொதிகள் ஓய்வதில்லை. தன்னைத் தானே மென்மையாக்கிக்கொண்டு மறுநாளே கருத்துக் கூழாகிவிடும். வேர்க்காம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, நன்றாக அலசி, கையால் கிழித்தோ நறுக்கியோ சட்டியில் போடுவார்கள். உப்பு சேர்த்தவுடன் சவ்வூடு பரவலால் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. ஆகவே தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் சேர்த்து நீர் சுண்டும்வரை வேகவிடுவார்கள்.

கத்திரிக்காயை அதிகம் வேகவைத்தால் குழைந்துவிடும். காளானோ எவ்வளவு வெந்தாலும் பல்லுக்கு இறைச்சிபோல் கடிபடும். ஏன்? தாவரச் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் வெந்நீரில் கரைந்துவிடும். காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின்; பூச்சியின் மேலோட்டிலும் இறாலின் ஓட்டிலும் உள்ள அதே பொருள். சமையல் சூடு அதைக் கரைப்பதில்லை. கைட்டின் நமக்கு எளிதில் செரிப்பதுமில்லை. அதனால்தான் காளானைப் பச்சையாகத் தின்னாமல் நன்கு வேகவைத்து உண்ண வேண்டும் என்கிறோம்.

அந்த இறைச்சிச் சுவை எங்கிருந்து வருகிறது? குளூட்டமேட் என்னும் பொருளிலிருந்து. 1908-ல் ஜப்பானிய வேதியியலறிஞர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, இச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். நம் அறுசுவைப் பட்டியலில் இதற்குத் தனிப் பெயரில்லை. ஆனால் புற்றுக்காளான் குழம்பை உண்டவர்களின் நாக்குக்கு அது நன்றாகத் தெரியும்.

மருந்தா, உணவா?

இப்போது மிக முக்கியமான கேள்விக்கு வருவோம். மருந்துக்கடைகளிலும் விளம்பரங்களிலும் "நினைவாற்றலைப் பெருக்கும் காளான் மாத்திரை" என்று சிங்கப்பிடரிக் காளானின் பொடி விற்கப்படுகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் பெற்றோர் இதற்குப் பெரும்பணம் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கின்றனர். இதை அறிவியல் முறையில் எப்படி ஆராய்வது?

மருந்து ஆராய்ச்சிக்கு மூன்று படிகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். முதற்படி, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்கள். இரண்டாம் படி, எலி முதலிய விலங்குகள். மூன்றாம் படி, மனிதர்கள்.

நரம்புச் செல்கள் வளர உதவும் "நரம்பு வளர்ச்சிக் காரணி" என்னும் புரதத்தைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் நோபெல் பரிசு கிடைத்தது. 1991-ல் ஜப்பானிய அறிஞர் ஹிரோகாசு காவாகிஷியின் குழுவினர், சிங்கப்பிடரிக் காளானிலிருந்து ஹெரிசினோன் என்னும் பொருள்களைப் பிரித்தனர். இவை செல்களை அப்புரதத்தை உண்டாக்கத் தூண்டுவதாகக் கண்டனர். 1994-ல் அதன் இழைகளிலிருந்து எரினசின் என்னும் பொருள்களைக் கண்டனர். நம் புற்றுக்காளானும் பின்தங்கவில்லை. சீனாவில் உண்ணப்படும் ஒரு புற்றுக்காளான் இனத்திலிருந்து டெர்மிட்டோமைசெஸ்ஃபின் என்னும் பொருள்கள் 2000-ல் பிரித்தெடுக்கப்பட்டன. அவை நரம்புச் செல் போன்ற செல்களில் கிளைகள் முளைக்கத் தூண்டின. இவையெல்லாம் முதற்படி.

மூன்றாம் படியில் பெயர் பெற்ற சோதனை 2009-ல் ஜப்பானில் வெளியானது. 50 முதல் 80 வயதுவரை உள்ள, நினைவு சற்றுக் குறைந்த சுமார் 30 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குச் சிங்கப்பிடரிக் காளான் பொடி மாத்திரை. மற்றதற்கு அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரை. 16 வாரங்களில் முதல் குழுவினரின் சோதனை மதிப்பெண்கள் கூடின. மாத்திரையை நிறுத்திய நான்கு வாரங்களில் அந்த முன்னேற்றம் குறைந்தது.

இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? ஆராயத்தக்க பொருள் இது என்ற முடிவுக்கு வரலாம். முப்பது முதியவர்களிடம் கண்டதைக் கொண்டு, உடல்நலமுள்ள பதினைந்து வயது மாணவனுக்கு இது மதிப்பெண் வாங்கித் தரும் என்ற முடிவுக்கு வரவே முடியாது. பூசணங்கள் மருந்து தரமாட்டா என்று சொல்லவில்லை. 1928-ல் பிளெமிங் கண்ட பெனிசிலின் ஒரு பூசணத்திலிருந்து வந்ததே. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளின் முன்னோடியையும் அகிரா எண்டோ ஒரு பூசணத்திலிருந்தே எடுத்தார். ஆனால் அவை தூய பொருளாகப் பிரிக்கப்பட்டு, அளவு நிர்ணயிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கப்பட்ட பிறகே மருந்து என்னும் பெயர் பெற்றன. இன்றைய நிலையில் புற்றுக்காளானும் சிங்கப்பிடரிக் காளானும் நல்ல உணவுகள். வைத்தியர் தரும் மருந்துக்கு அவை மாற்றாகா.

நஞ்சை அறிவது எப்படி?

காட்டுக் காளான்களில் கொடிய நஞ்சுள்ளவையும் உண்டு. நஞ்சுக் காளானைப் பற்றி மக்களிடையே சில நம்பிக்கைகள் உலவுகின்றன. "வெள்ளிக் கரண்டி கருக்காவிட்டால் நல்ல காளான்", "பூண்டு நிறம் மாறாவிட்டால் நல்ல காளான்", "பூச்சி கடித்திருந்தால் மனிதனும் உண்ணலாம்" என்பவை அவற்றுள் சில. இவை அனைத்தும் தவறு. இவற்றை நம்பியவர்கள் பலர் உயிரிழந்திருக்கின்றனர். அமனிடா இனக் காளான்கள் சிலவற்றில் உள்ள அமடாக்ஸின் என்னும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. வெள்ளியைக் கருக்கவும் செய்யாது. உண்டு ஆறு மணி நேரத்துக்கும் மேலான பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதற்குள் நஞ்சு கல்லீரலைத் தாக்கத் தொடங்கிவிடும்.

நம் ஊர்ப் புல்வெளிகளில் மழைக்குப் பின் முளைக்கும் குளோரோஃபில்லம் என்னும் பெரிய வெள்ளைக் காளான், புற்றுக்காளானைப் போலவே தோன்றும். உண்டால் கடும் வாந்தி உண்டாகும். காம்பில் வளையம் இருப்பதைக் கொண்டு இதை ஒதுக்கிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். ஆனால் புற்றுக்காளான் இனமான ஹெய்மியிலும் தடித்த வளையம் உண்டு! சரியான வேறுபாடுகள் இரண்டு. புற்றுக்காளானுக்கு மண்ணுக்குள் செல்லும் நீண்ட வேர்க்காம்பு உண்டு, மற்றதற்கு இல்லை. புற்றுக்காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பு. மற்றதன் வித்துத்தூள் பச்சை கலந்தது.

இதைப் படித்துவிட்டு நீங்களே காளான் பறித்துச் சமைக்கக் கிளம்ப வேண்டாம். பல ஆண்டுகள் பழகிய பெரியவர்கள் உறுதிப்படுத்தாத காட்டுக் காளானை உண்ணக் கூடாது. சிறு ஐயம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள். யாருக்கேனும் காளான் உண்டபின் உடல்நலம் கெட்டால், தானே சரியாகும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நாம் ஏன் பயிரிட முடியவில்லை?

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானையும் பால்காளானையும் நம் உழவர்களுக்குப் பயிரிடக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதன் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.பி.கே.2 என்னும் பால்காளான் ரகம் 1998-ல் வெளியிடப்பட்டது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் அது விளையும். வைக்கோலும் சிறு குடிலும் போதும். காஞ்சிபுரம் மாவட்டம் போன்ற வெப்பமான பகுதிகளுக்கு ஏற்ற பயிர் இது.

புற்றுக்காளானின் இழைகளையும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடிகிறது. ஆனால் வணிக அளவில் குடை விடச் செய்ய முடியவில்லை. காரணம் என்ன? பூசண அடையைப் புற்றிலிருந்து எடுத்து வெளியே வைத்தால், சில நாட்களில் சைலேரியா என்னும் வேறொரு பூசணம் அதைக் கைப்பற்றிக்கொள்கிறது. கறையான்கள் இருக்கும்வரை அந்தக் களை தலைகாட்டுவதில்லை. களையெடுப்பு, வெப்பம், ஈரம், காற்று ஆகிய அனைத்தையும் கறையான்களே கவனித்துக்கொள்கின்றன. அந்த உழவனை விலக்கிவிட்டுப் பயிரை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு இன்னும் வழி தெரியவில்லை. எனவே நாம் உண்ணும் ஒவ்வொரு புற்றுக்காளானும் உயிருள்ள ஒரு புற்றிலிருந்தே வர வேண்டும்.

செய்து பாருங்கள்

கடையில் வாங்கிய பால்காளான் அல்லது சிப்பிக்காளான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நன்கு விரிந்ததாக இருக்கட்டும். காம்பை நறுக்கிவிட்டு, குடையை அடிப்பக்கம் கீழாக இருக்கும்படி ஒரு கருப்புத் தாளின்மேல் வையுங்கள். காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் குடையை மெல்லத் தூக்கினால், தகடுகளின் வடிவம் வெள்ளைப் பொடியால் கோலம் போட்டதுபோல் தாளில் பதிந்திருக்கும். அதுவே வித்துத்தூள். சோதனை செய்த காளானைச் சமைக்க வேண்டாம்.

இக்கோலத்தில் உள்ள ஒவ்வொரு துகளும் ஒரு விதை என்பதை எண்ணிப் பாருங்கள். புற்றுக்காளானின் குடை விரிந்த பின்பே அதன் வித்துகள் மண்ணில் விழுகின்றன. அவ்வித்துகளை நம்பியே ஈசல்களின் புதுக் குடும்பங்கள் தம் பண்ணையைத் தொடங்குகின்றன. மொட்டு நிலையிலேயே ஒன்று விடாமல் பறித்துவிட்டால் அந்த இளங்குடும்பங்களுக்கு விதையில்லை. கடப்பாரையால் புற்றைக் குத்தினாலோ பூச்சிமருந்து ஊற்றினாலோ பண்ணையே இல்லை. மேடுகளைச் சமன்செய்து மனைகளாக்கும்போது பல பண்ணைகள் இப்படித்தான் மறைகின்றன.

தறிவீட்டுக்குள் வரும் கறையானைத் தடுக்கத்தான் வேண்டும். ஏரிக்கரைக்கு அப்பால் மேட்டில் உள்ள புற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம். காளான் பறிக்கும் பெரியவர்களுடன் செல்ல நேர்ந்தால், நன்கு விரிந்த இரண்டு மூன்று குடைகளை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கான விதைநெல் அதில் இருக்கிறது.